கோட்டைகளும் கல்லுடைத்தவர்களும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

வட வேல்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டிய கோட்டைகள்தான். ஆனால் அவற்றோடு திரும்பிவிட்டால், அந்த நாட்டை வென்றவர்களின் கதை மட்டுமே நம் காதில் விழுந்திருக்கும். தோற்றவர்களின் கதையையும் அதே பகலில் பார்த்துவிடலாம். நான் போன வழியைச் சொல்கிறேன்.

காலையில் கான்வி. வேல்ஸ் இளவரசர் லிவெலின் 1282-இல் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். அந்த இடத்தில் வேல்ஸ் அரசகுடும்பத்தார் போற்றிய மடாலயம் இருந்தது. துறவிகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுக் கட்டினார்கள். எட்டுப் பெருங்கோபுரங்கள், ஊரைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மதில், எல்லாம் நான்கே ஆண்டு வேலை. மதில்மேல் இன்றும் நடக்கலாம். நடந்து பாருங்கள், ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் கூரைகள், தொலைவில் மலை. ஆனால் அன்று அந்த மதிலுக்குள் ஆங்கிலேயர்களைத்தான் குடியேற்றினார்கள். வேல்ஸ் மக்கள் தங்கள் மண்ணிலேயே வெளியாட்கள் ஆனார்கள்.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1401-இல் புனித வெள்ளியன்று காவல் வீரர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம். தச்சு வேலைக்கு வந்தவர்கள்போல் நுழைந்து, டியூடர் சகோதரர்களின் ஆட்கள் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளின்டூரின் உறவினர்கள் அவர்கள். எனக்கு அந்தக் கோபுரங்களைவிட இந்தத் துணிச்சல்தான் பெரிதாகத் தெரிகிறது.

அங்கிருந்து ஆற்றோரமாகத் தெற்கே போய், எரிரி மலைகளுக்குள் திரும்பினோம். ஸ்னோடோனியா என்று நாம் படித்த பகுதிதான். ஒக்வென் ஏரியைத் தாண்டியதும், பனிப்பாறை குடைந்த பெரும் பள்ளத்தாக்கில் சாலை இறங்குகிறது. சுண்ணாம்புக் கலவை இல்லாமல் அடுக்கிய கல்வேலிகள், அவற்றினூடே ஆடுகள். பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் பெதெஸ்டா.

இங்கேதான் கட்டாயம் இறங்க வேண்டும். ஊருக்கு எதிரே பென்ரின் சிலேட்டுக் கல் சுரங்கம், மலையையே படிப்படியாக வெட்டியெடுத்த பெருங்குழி. முதலாம் பென்ரின் பிரபு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் சேர்த்த பணம் இந்தச் சுரங்கத்தை வளர்த்தது. அடிமை ஒழிப்பை அவர் நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர். அவருடைய வாரிசுகள் பக்கத்திலேயே ஒரு மாளிகையைக் கோட்டை வடிவில் கட்டிக்கொண்டார்கள்.

1900-இல் தொழிற்சங்க உரிமைக்காகத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். போராட்டம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று அச்சிட்ட அட்டையை வீட்டுச் சன்னலில் வைத்தார்கள். சில வீடுகளில் அது இல்லை. அங்கிருந்தவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஊரே பிளந்தது. பாடகர் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி உதவிப் பணம் திரட்டின. கடைசியில் 1903-இல் பசி வென்றது. அந்தச் சன்னல்களை நினைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மாலையில் கார்னார்வன். வண்ணக் கல்வரிசைகள் ஓடும் பலகோண கோபுரங்கள், எட்வர்டின் கோட்டைகளிலேயே பகட்டானவை. 1969-இல் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டிய வட்ட மேடை உள்ளே இருக்கிறது. அது சிலேட்டுக் கல் மேடை. அதே ஆண்டில்தான், சில மைல் தள்ளி, டினோர்விக் சிலேட்டுச் சுரங்கம் மூடப்பட்டு நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

கோட்டைகளை 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றது. சிலேட்டு நிலப்பரப்புக்கு அந்த மதிப்பு கிடைக்க 2021 வரை ஆனது. தாமதம்தான், ஆனாலும் எனக்கு மகிழ்ச்சி.

கோட்டையை விட்டு வெளியே வந்ததும் உடனே ஊரை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மதிலுக்குள் இருக்கும் தெருக்களில் ஒரு தேநீர்க் கடையில் உட்காருங்கள். எட்வர்ட் ஆங்கிலேயருக்கென்று கட்டிய அந்த ஊரில், பக்கத்து மேசைக்காரர்கள் வேல்ஸ் மொழியில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வணக்கம்.