பிரீசருக்குள்ள ஒரு ஒத்த ரூபா

வணக்கம் நேயர்களே. ஞாயித்துக்கிழமை காலைல கறிக்கடையில நின்னு ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிட்டு வந்து, பாதியைக் குழம்பு வச்சுட்டு மீதியை அந்தக் கருப்பு கவரோட அப்படியே பிரீசருக்குள்ள தள்ளி கதவைச் சாத்துறது நம்ம நிறைய வீட்டுல நடக்கிறதுதான். உள்ள போயிடுச்சு, இனி ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நிம்மதி. நான் மனையியல் டீச்சரா முப்பது வருஷம் இருந்தேன், அந்த முப்பது வருஷமும் பிள்ளைங்ககிட்ட திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான். பிரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். மைனஸ் 18 டிகிரியில அது அசையாம கிடக்கும், கறி இளகினதும் எழுந்து விட்ட இடத்துல இருந்து வேலையை ஆரம்பிக்கும். அதனால கறி உள்ள போறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு, வெளிய எடுத்த பிறகு எப்படி இளகுச்சு, இந்த ரெண்டையும்தான் பாக்கணும்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற சம்பவம் ஒண்ணு இருக்கு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையில எங்க ஏரியாவுல திங்கக்கிழமை காலைல கரண்ட் போச்சு. எங்களுது மாடி வீடு, தண்ணி உள்ள வரல, ஆனா தெருவுல இடுப்பளவு நின்னுச்சு. ஒரு நாள் பாத்தோம், மறுநாள் நானும் எங்க வீட்டுக்காரரும் கிளம்பி நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டோம். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தா கரண்ட் இருக்கு, பிரிட்ஜ் ஓடுது, முந்தின நாளே வந்துடுச்சுன்னு கீழ் வீட்டுல சொன்னாங்க. பிரீசரைத் திறந்தா சிக்கன் ஒரு கிலோ, கொத்துக்கறி அரை கிலோ, எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. வாடை இல்லை, நிறம் மாறல. கூட வந்த நாத்தனார், "பாத்தீங்களா அண்ணி, ஒண்ணும் ஆகல, நைட்டுக்குக் கொத்துக்கறி வறுத்துடலாம்"னா.

நான் ஓரத்துல இருந்த சின்ன பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துக் காட்டினேன். மழைக்காலம் ஆரம்பிக்கும்போதே நான் அதுல பாதி தண்ணி ஊத்தி பிரீசர்ல வச்சிடுவேன், தண்ணி கெட்டியா உறைஞ்சதும் மேல ஒரு ஒத்த ரூபா காசு வைப்பேன். கரண்ட் போகாம இருந்தா, இல்ல கொஞ்ச நேரம் மட்டும் போயிருந்தா காசு மேலயே இருக்கும். அன்னைக்கு அந்தக் காசு ஐஸுக்கு அடியில, டம்ளரோட அடியைத் தொட்டுட்டுக் கிடந்துச்சு. அப்படின்னா ஐஸ் முழுசா உருகி, காசு மூழ்கி, கரண்ட் வந்ததும் திரும்ப உறைஞ்சிருக்கு. கறியும் அதே மாதிரிதான், எத்தனை மணி நேரம் இளகி தண்ணி விட்டு நின்னுச்சோ தெரியாது, இப்ப கல்லு மாதிரி இருக்கு. மொத்தமும் குப்பைக்குப் போச்சு. "இவ்வளவு காசு போட்டு வாங்கினதை எறியுறீங்களே அண்ணி"ன்னு அவளுக்கு மனசே ஆறல. எனக்கும் வலிச்சுதுதான், ஆனா எறிஞ்சேன். காசு நடுவுல நின்னிருந்தாலும் எறிஞ்சிருப்பேன்.

கதவைத் திறக்காம இருந்தா, நிறைஞ்ச பிரீசர் சுமாரா 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம். கீழ பிரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். அதனால கரண்ட் போனா "கெட்டுப் போச்சான்னு பாக்குறேன்"னு திறந்து திறந்து மூடாதீங்க.

அடுத்தது இளக வைக்கிறது. காலைல ஒன்பது மணிக்கு சமையல் மேடையில கறியை எடுத்து வச்சுட்டு ஆபீஸ் போறோம், சாயங்காலம் வந்து சமைக்கலாம்னு. நடுவுல இன்னும் ஐஸ் இருக்கும், ஆனா வெளிப்பக்கம் எப்பவோ ரூம் சூட்டுக்கு வந்திருக்கும். தோதான சூட்டுல ஒரு கிருமி 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும், கணக்குப் போட்டுப் பாருங்க, ஏழு மணி நேரத்துல ஒண்ணு 20 லட்சத்தைத் தாண்டிடும். குக்கர்ல எட்டு விசில் விட்டா செத்துடாதான்னு கேப்பீங்க. கிருமி சாகும், ஆனா சில கிருமி அதுக்குள்ள விட்டு வச்ச நஞ்சு இருக்கே, அது எத்தனை விசிலுக்கும் போகாது. பச்சைக்கறி வெளிய இருக்கலாம்னா ரெண்டு மணி நேரம், நம்ம ஊரு வெயில்ல 32 டிகிரிக்கு மேலன்னா ஒரே மணி நேரம். கடையில இருந்து வீட்டுக்கு வர்ற நேரமும் அதுக்குள்ளதான் வரும்.

முந்தின நாள் ராத்திரியே பிரீசர்ல இருந்து பிரிட்ஜோட கீழ்த்தட்டுக்கு மாத்துங்க, கீழ ஒரு கிண்ணமோ தட்டோ வச்சு. மேல்தட்டுல வச்சா கறித் தண்ணி சொட்டி கீழ இருக்கிற தயிர்லயும், மறுநாள் தலையில வைக்க எடுத்து வச்ச மல்லிப்பூ மேலயும் விழும். நான் பாத்திருக்கேன், பூவோட காம்புல சிவப்பா. மறந்துட்டீங்கன்னா, தண்ணி புகாத கவர்ல கட்டி பச்சைத்தண்ணியில முக்குங்க, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, அரை கிலோ ஒரு மணி நேரத்துல இளகிடும். வெந்நீர் வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

அரை கிலோ அரை கிலோவா பிரிச்சு, காத்தை அழுத்தி வெளிய எடுத்து, அடை மாதிரி தட்டையா தட்டி வச்சா சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். மெதுவா உறைஞ்சா கறிக்குள்ள ஐஸ் பெரிய பெரிய கல்லா வளர்ந்து சதையைக் கிழிக்கும், இளகும்போது சாறெல்லாம் ஓடிப்போய் சக்கை மாதிரி ஆகிடும். நூறு வருஷத்துக்கு முன்னாடி கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐன்னு ஒரு அமெரிக்கர் கனடாவோட லாப்ரடார்ல இருந்தப்ப, அங்கேயே வாழ்ற இன்யூட்ங்கிற பழங்குடி மக்கள் பிடிச்ச மீன் அந்தக் கடுங்குளிர்ல சட்டுனு உறைஞ்சு, சமைக்கும்போது புது மீன் மாதிரியே இருக்கிறதைப் பாத்தார். அதுல இருந்துதான் இன்னைக்குக் கடையில விக்கிற உறைஞ்ச சாமான் தொழிலே வளர்ந்துச்சு, அதைப் பத்தி நிறைய சொல்லணும்னு வந்தேன்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம்தான்னு ரெண்டு விரல் காட்டுறாங்க. சரி, சீக்கிரமா. சிக்கன், கொத்துக்கறி, ஈரல் பிரிட்ஜுல ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம், ஆட்டுக்கறித் துண்டு மூணு நாள், அதுக்குள்ள சமைக்கலன்னா பிரீசர். பிரீசர்ல கொத்துக்கறி மூணு நாலு மாசம், சிக்கன் துண்டு ஒன்பது மாசம் வரைக்கும் ருசி போகாது. கவர் மேல தேதி எழுதுங்க. இளகின கறியைத் திரும்ப பிரீசர்ல வைக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. பிரிட்ஜுக்குள்ளயே இளகினதுன்னா வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும். தண்ணியில போட்டு இளக்கினதுன்னா பச்சையா வைக்கக் கூடாது, குழம்பாக்கி ஆற வச்சு அதைத்தான் வைக்கணும். நன்றி, வணக்கம்.