கோட்டுக்கு வெளியே இருக்கும் வீடு

வணக்கம் நேயர்களே. ஆற்று வெள்ளம் எதுவரை ஏறும் என்று அளந்து வரைபடம் போடுவது என் வேலை. அந்த வரைபடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளி, கிராமப்புறக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கியிருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம்மவர்கள் அங்கெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வந்த டாக்டர்கள் இந்த நாட்டிலேயே தொடர விரும்பினால், பலருக்கு இருக்கும் வழி, மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை பார்ப்பதுதான். அப்படி அப்பலாச்சிய மலைப்பக்கம் போனவர்களில் சிலர் அங்கேயே நிலைத்துவிடுகிறார்கள். சுற்றிலும் மலை, வீட்டுக்குப் பின்னால் சலசலவென்று ஓடை, விலையோ நகரத்தில் கேட்பதில் பாதிகூட இருக்காது. யாருக்குத்தான் பிடிக்காது?

அதே மலைப்பக்கத்தில்தான் 2022 ஜூலை கடைசி வாரம் அந்த வெள்ளம் வந்தது. கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் நாட், பெரி, பிரெத்திட், லெட்சர் என்று அடுத்தடுத்த கவுண்டிகள். அங்கே சமதளம் என்று இருப்பதே இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓடையை ஒட்டிய ஒரு துண்டு நிலம்தான். வீடு, ரோடு, பள்ளிக்கூடம், சர்ச் எல்லாமே அந்தத் துண்டில். ஏற்கெனவே நனைந்து கிடந்த மலையில் மேலும் மேலும் மழை கொட்ட, தண்ணீர் சரிவில் இறங்கி ஓடைக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். டிரபிள்சம் கிரீக் என்ற ஓடை ஹிண்ட்மன் ஊருக்குள் புகுந்தது. 45 உயிர்கள் போயின. பாதிக்கப்பட்ட வீடுகளில் வெள்ளக் காப்பீடு இருந்தவை மிகச் சொற்பம். 2025 பிப்ரவரியில் கிழக்குக் கென்டக்கியில் மறுபடியும் வெள்ளம்.

ஏன் காப்பீடு இல்லை? பணம் ஒரு காரணம், அதை மறைக்க முடியாது. இன்னொன்று, யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அரசு சார்ந்த வீட்டுக்கடனோ, மத்திய அரசின் கண்காணிப்பில் உள்ள வங்கியின் வீட்டுக்கடனோ வாங்கி, வீடும் வரைபடத்தில் அதிக அபாயப் பகுதியில் இருந்தால்தான் வெள்ளக் காப்பீடு கட்டாயம். 1973-இல் வந்த சட்டம் அது. பாட்டன் கட்டிய வீடு, கடன் இல்லை என்றால் கட்டாயமும் இல்லை. கோட்டுக்கு வெளியே இருந்தாலும் இல்லை. வங்கி கேட்காததாலேயே அபாயம் இல்லை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. வங்கி பார்ப்பது தான் கொடுத்த கடனை. உங்கள் வீட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கோடு என்ன என்று சொல்கிறேன். மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா போடுகிற வரைபடத்தில் ‘ஏ’ என்று தொடங்கும் மண்டலங்கள் ஆற்றோர, ஓடையோர அதிக அபாயப் பகுதிகள். அவற்றின் எல்லைதான் நான் சொல்லும் கோடு. எந்த ஓர் ஆண்டிலும் அங்கே வெள்ளம் வர ஒரு சதவீதமாவது வாய்ப்பு உண்டு. ஒன்றுதானே என்று தோன்றும். முப்பது வருஷக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் 26 சதவீதம். நாலு வீட்டில் ஒரு வீடு.

நகரத்தில் இந்தக் கோட்டை வரைய ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து, பாலங்களை அளந்து, தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறும் என்று அடிக்கணக்கில் சொல்கிறோம். கிராமப்புறத்தில் அத்தனை செலவு செய்வது அரிது. அதனால் பல ஓடைகளுக்கு உத்தேசமான எல்லை மட்டும் வரைந்து, உயரம் குறிக்காமல் வெறும் ‘ஏ’ என்று விட்டிருக்கும். அதைவிட முக்கியம்: ஒரு சதுர மைலுக்கும் குறைவான பரப்பிலிருந்து நீர் வாங்குகிற சின்ன ஓடைகளைப் பெரும்பாலும் வரைபடத்தில் சேர்ப்பதே இல்லை. மலைக்கவுண்டியில் பல வீடுகள் இருப்பது அந்த ஓடைகளின் கரையில்தான். வரைபடத்தில் உங்கள் வீட்டருகே நிறமே இல்லை என்றால், அந்த ஓடையை இதுவரை யாரும் அளக்கவில்லை என்றும் இருக்கலாம். இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். கிராமப்புற ஓடைகளை ஒழுங்காக அளக்கப் பணம் ஒதுக்க வேண்டும். நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2014 முதல் 2018 வரை நாடு முழுக்க வந்த வெள்ளக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் சுமார் 40 சதவீதம் அதிக அபாயப் பகுதிக்கு வெளியே இருந்த வீடுகளிலிருந்து வந்தவை.

ஆகவே வரைபடத்தைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தெருவில் முப்பது நாற்பது வருஷமாக இருக்கும் பெரியவர் ஒருவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கவுண்டி அலுவலகத்தில் வெள்ளப்பகுதிக் கட்டுமானத்தைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள். வீட்டை விற்பவரிடம், இந்த வீட்டுக்கு முன்பு வெள்ள இழப்பீடு வாங்கியதுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தானாக முன்வந்து சொல்ல வேண்டிய கட்டாயம் எல்லா மாநிலத்திலும் இல்லை. ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தையும் எட்டிப் பாருங்கள். கட்டையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி எந்தப் பக்கம் வரும் என்று அங்கே நின்றாலே தெரியும்.

இனி காப்பீடு. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்கென்று தனி பாலிசி வேண்டும். பெரும்பாலோர் எடுப்பது 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசி. உங்கள் கவுண்டியோ ஊரோ அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், கோட்டுக்கு வெளியே இருக்கும் வீட்டுக்கும் எடுக்கலாம். வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1 லட்சம் டாலர். இரண்டும் தனித்தனி. கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, சோபாவுக்கும் துணிமணிக்கும் பணம் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வராது. 2021 அக்டோபர் முதல் பிரீமியத்தை மண்டலத்தை மட்டும் வைத்துப் போடுவதில்லை. தண்ணீருக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், தரைத்தளத்தின் உயரம், திரும்பக் கட்ட ஆகும் செலவு எல்லாம் கணக்கில் வரும். எனவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பாமல் உங்கள் வீட்டுக்கே விலை கேளுங்கள்.

வீடு வாங்கும் கடனோடு சேர்த்து எடுத்தால் பாலிசி உடனே நடைமுறைக்கு வரும். மற்றபடி பெரும்பாலும் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். டிவியில் புயல் படத்தைப் பார்த்துவிட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை.

எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பக்கத்தைப் பலரும் படிப்பதில்லை. கிராமத்து வீட்டுக்கு அந்தப் பக்கம்தான் உயிர். கிணறு கிடையாது. செப்டிக் டேங்க் கிடையாது. வேலி, வீட்டுக்கு வரும் தனிப்பாதை, ஓடையைத் தாண்ட நீங்களே போட்ட சின்னப் பாலம், எதற்கும் கிடையாது. அந்த மலைப்பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு ரோட்டிலிருந்து போக அந்தச் சொந்தப் பாலம் ஒன்றுதான் வழி. வீடு நின்று பாலம் போய்விட்டால் ஆம்புலன்ஸ்கூட வர முடியாது. தண்ணீருக்குக் கிணறு, கழிவுக்கு செப்டிக், போகவரப் பாலம், இந்த மூன்றுக்கும் நீங்கள் தனியாகச் சேமிப்பு வைக்கத்தான் வேண்டும். பேஸ்மென்ட்டில் ஹீட்டர், மின்பெட்டி போன்றவற்றுக்கு உண்டு, கார்ப்பெட்டுக்கும் கட்டிலுக்கும் இல்லை. மாட்டுக்கொட்டகைக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். காருக்குக் கார் காப்பீட்டில் பாருங்கள். வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் செலவையும் இந்தத் திட்டம் தராது. சக்கரத்தில் கொண்டுவந்து இறக்கிய வீடாக இருந்தால், நிரந்தர அஸ்திவாரத்தில் வைத்து நங்கூரமிட்டுக் கட்டியிருந்தால்தான் பாலிசி செல்லும்.

அரசு உதவி வராதா என்பீர்கள். அதிபர் பேரிடர் என்று அறிவித்தால்தான் ஃபீமாவின் நேரடி உதவி. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சில ஆயிரம் டாலர்தான் கைக்கு வரும். தரைத்தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே சேதம் 25,000 டாலர் வரை போகலாம் என்று ஃபீமாவே சொல்கிறது. அரசு குறைந்த வட்டியில் கொடுப்பதும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் நனைந்ததை அள்ளி வெளியே போடும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள், சீரியல் நம்பரோடு. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் எடுங்கள். கையெழுத்திட்ட இழப்புக் கணக்கை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொதுவிதி.

வாடகை வீட்டில் இருக்கும் இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் பாலிசி உங்கள் பொருள்களைக் காக்காது. பொருள்களுக்கு மட்டுமான வெள்ள பாலிசியை வாடகைதாரரும் எடுக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே ஏஜென்ட்டிடம் கேளுங்கள், அதற்கும் அதே முப்பது நாள்தான்.

நன்றி, வணக்கம்.