மலை சைக்கிள்மேல் கண், தார்ச்சாலையில் வேலை: சேலத்துத் தம்பியின் கேள்வி

அடுத்த கேள்வி சேலத்திலிருந்து வந்திருக்கிறது. நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன்.

"அண்ணா, எனக்கு வயது 29. வீட்டிலிருந்து வேலைக்கு 7 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போக முடிவு செய்திருக்கிறேன். 30,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர் ஹைபிரிட் எடுக்கச் சொல்கிறார், சாலைக்கென்றே மெலிந்த டயரும் நேரான ஹேண்டில் பாரும் வைத்த வகை. எனக்கோ மலை சைக்கிள்மேல்தான் கண். கடையில் கருநீலத்தில் ஒன்று நிற்கிறது. 19 அங்குலச் சட்டம் (ஃபிரேம்), கடைசி ஒன்று, 4,000 ரூபாய் தள்ளுபடி. மூன்று வாரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏற வேண்டும் என்ற ஆசையும் உண்டு. என் உயரம் 5 அடி 4 அங்குலம். 'துணி காயப்போடத்தானே வாங்குகிறீர்கள்' என்று வீட்டில் கேலி செய்கிறாள். தேவைக்கு வாங்குவதா, ஆசைக்கு வாங்குவதா?"

தம்பி, முதலில் உங்கள் வீட்டுக்காரி சொன்னதற்கு வருகிறேன். அது என் கதை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு மலை சைக்கிள் வாங்கினேன். முன்னால் சஸ்பென்ஷன், போதாதென்று சீட்டுக்குக் கீழே தடித்த சிவப்பு ஸ்பிரிங் ஒன்று. அந்த ஸ்பிரிங்கைப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒளிப்பானேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி தவளை மாதிரி அமுங்கி எழும்பியது. நான் மிதிப்பதில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிட்டு மீதியைத்தான் சக்கரத்துக்குக் கொடுத்தது. எடை 18 கிலோ. இரண்டாம் மாடியில் வாடகை வீடு. தினமும் அதைத் தூக்கிக்கொண்டு படியேறியதுதான் அந்த வண்டியோடு நான் செய்த மலையேற்றம். ஆறாவது மாதம் ஹேண்டில் பாரில் ஈரத் துண்டு காய்ந்தது. ஆகவே அவர் கேலியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால், "அப்படியென்றால் ஹைபிரிட் வாங்குங்கள், வணக்கம்" என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. உங்கள் கேள்விக்குள் ஆசை ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. ஏற்காடு ஏறுவது ஓர் ஆசை. கருநீல வண்டி இன்னோர் ஆசை. மலை ஏற மலை சைக்கிள் என்று நீங்கள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். அதில் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் இருக்கிறது, மற்றப் பொருத்தம் ஒன்றுமில்லை.

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகிற வழி நல்ல தார்ச்சாலை, பஸ் போகிறது, லாரி போகிறது. அங்கே தடித்த டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேலையே இல்லை. அந்த ஏற்றத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது கியர். கடையில் குனிந்து பற்களை எண்ணுங்கள். மிதிகட்டைப் பக்கம் உள்ள மிகச் சிறிய சக்கரத்தில் எத்தனை பல், பின்சக்கரத்தில் உள்ள மிகப் பெரியதில் எத்தனை பல்? முன்னால் 28, பின்னால் 34 என்றால் நீங்கள் ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். மெதுவாகப் போவீர்கள், ஆனால் இறங்கித் தள்ள மாட்டீர்கள். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மலை சைக்கிள்களில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். பல ஹைபிரிட்களிலும் இருக்கிறது. சிலவற்றில் இல்லை. எண்ணித்தான் பார்க்க வேண்டும், கடைக்காரர் "21 கியர் சார்" என்று சொல்வதை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் பிரேக்கை அழுத்தி அழுத்தி, இருபது வளைவும் இறங்குவதற்குள் விரல் மரத்துப் போகும்.

ஆக ஏற்காட்டு ஆசைக்கு மலை சைக்கிள் கட்டாயமில்லை. அப்படியானால் மலை சைக்கிள் எதற்கு? தார் இல்லாத இடத்துக்கு. கல், வேர், மணல், பள்ளம். அது பிறந்த கதையைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். 1970-களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டாமல்பாயிஸ் என்ற மலையருகே சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். முப்பது, நாற்பது வருடப் பழைய வண்டிகள். பையன்கள் வீடு வீடாகப் பத்திரிகை போடுகிற வகை, நம் ஊர் பால்காரர் சைக்கிள் மாதிரி அடி தாங்குகிற வகை. அதில் ஏறி மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-இல் பந்தயமே வைத்தார்கள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கர அச்சுக்குள் பிடிக்கிற பிரேக் அது. இறங்கி முடிப்பதற்குள் அச்சின் உள்ளே இருக்கிற கிரீஸ் வெந்து புகையாகப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அடுத்த வருடம் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே சட்டம் அடித்து ஒரு வண்டி கட்டினார். கவனித்தீர்களா? அவர்கள் கையில் முதலில் இருந்தது பாதை. அந்தப் பாதை வண்டியை உடைத்தது, அதற்குப் பிறகுதான் புது வண்டி வந்தது. சஸ்பென்ஷன் அதற்கும் வெகுநாள் கழித்துத்தான். ஒன்று வேடிக்கை: தேவைக்குப் பிறந்த பத்திரிகைக்காரப் பையன் சைக்கிளைத்தான் அவர்கள் ஆசைக்கு ஓட்டினார்கள். நீங்கள் ஆசைக்குப் பிறந்த வண்டியைத் தேவைக்கு ஓட்டப் பார்க்கிறீர்கள்.

எனவே நான் உங்களைக் கேட்பது, உங்கள் பாதை எங்கே? சேலத்தைச் சுற்றி மலைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். "சைக்கிள்தானே" என்று வனத்துறை விட்டுவிடாது. மேலே சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துப் பாதைகள் அழகானவை, ஆனால் அவை தோட்டக்காரருடையவை, கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மீதி இருப்பது ஏரிக்கரைகள், வயலோர வண்டிப்பாதைகள், கரட்டடி ஒற்றையடிப் பாதைகள். நல்ல இடங்கள்தான், நானும் அங்கேதான் ஓட்டுகிறேன். அங்கே உங்களுக்கு எதிரி பள்ளமல்ல, முள். சீமைக் கருவேல முள் டயரைக் குத்தினால் ஆணி தோற்றது. நெருஞ்சி இன்னும் மோசம், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். ஒருமுறை ஏரிக்கரையில் இறங்கி டயரைச் சுற்றிப் பார்த்தேன், பதினாலு நெருஞ்சி. ஒன்றைப் பிடுங்கினேன், உஸ் என்றது. மற்றதைப் பிடுங்காமல் நடந்தே ஊருக்கு வந்தேன். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, "இது டியூபா, இடியாப்ப அச்சா?" என்று கேட்டார். கரையில் ஓட்டுவதென்றால் டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள், கையில் ஒரு பம்பும் இருக்கட்டும்.

வாரத்துக்கு ஒருமுறையாவது போகக்கூடிய அப்படி ஒரு மண்பாதை உங்களுக்குத் தெரியுமா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் தயங்குவது அதனால்தான்.

இனி அந்த 7 கிலோமீட்டர். முண்டு முண்டான மலை டயர் தார்ச்சாலையில் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும். முதல் வாரம் கேட்கப் பெருமையாக இருக்கும். அந்தச் சத்தமெல்லாம் நீங்கள் மிதித்த மிதிதான். சில மாதத்தில் நடுவில் உள்ள முண்டுகள் தேய்ந்து வழுக்கையாகிவிடும், ஓரத்தில் மட்டும் புதுசாக நிற்கும். அப்படி ஒரு டயரைப் பார்த்தால், அந்த வண்டி மண்ணைப் பார்த்ததே இல்லை என்று எழுதி ஒட்டிய மாதிரி.

முன் ஃபோர்க்கைப் பற்றியும், அதாவது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் அது. கடையில் எல்லோரும் ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் அமுக்கி, அது இறங்கி எழும்புவதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். உங்கள் 30,000 ரூபாய்க்குள் வரும் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் இரும்புச் சுருள் வைத்த ஃபோர்க். அது மட்டுமே ஏறத்தாழ இரண்டரை கிலோ. சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் அதில் பாதி எடைகூட இருக்காது. காற்றடைத்த நல்ல ஃபோர்க் வேண்டுமென்றால் உங்கள் பணத்தில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். சுருள் ஃபோர்க் இரண்டு மழைக்காலம் பார்க்கட்டும், பிறகு ஃபோர்க் குழாய் இறங்கி எழும்பும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். காப்பி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வடியும். உள்ளே துரு. அதன் பிறகு அது இறங்கும், எழும்பாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆசையின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா தேவைக்குத்தான் சைக்கிள் வாங்கினார். கறுப்பு நிறம், 24 அங்குலச் சட்டம், பின்னால் அரிசி மூட்டை ஏற்றும் கேரியர். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அதில்தான் பள்ளிக்கூடம் போனேன், முதலில் குரங்குப் பெடல், பிறகு பார்மேல். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஹெர்குலஸ் எம்.டி.பி. வைத்திருந்தான். அதில் கியரும் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை. தடித்த டயர், நேரான ஹேண்டில் பார், அவ்வளவுதான். அவன் தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவான். நான் அப்பாவின் சைக்கிளை ஒருநாளும் துடைத்ததில்லை. விடுமுறையில் அவன் எங்கெங்கோ சுற்றினான். நான் அம்மா கடைக்கு அனுப்பினால் மட்டும் சைக்கிளைத் தொட்டேன். பிடிக்காத வண்டி எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும் மாடிப்படிக்கடியில்தான் நிற்கும். கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு ஹைபிரிட் வாங்கினால், இரண்டாவது மழையன்று நீங்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்பீர்கள்.

அதனால் நான் சொல்வது இது. முதலில் யாரிடமாவது ஒரு மலை சைக்கிளை இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு ஞாயிறு ஏரிக்கரை. இன்னொரு ஞாயிறு உங்கள் ஆபீஸ் வழி, போக வர 14 கிலோமீட்டர். கரையில் ஓட்டிவிட்டு வரும்போது நாளைக்கும் போக வேண்டும் போலிருந்தால், மலை சைக்கிளே வாங்குங்கள். 29 அங்குலச் சக்கரமாகப் பாருங்கள். 29 அங்குலம் என்பதும் ஹைபிரிட்டின் 700சி என்பதும் ரிம் அளவில் ஒன்றுதான், இரண்டும் 622 மில்லிமீட்டர். ஆகவே வேலைநாளுக்கு 45 மில்லிமீட்டர் அகலத்தில் வழவழப்பான டயர் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளலாம், சத்தமும் பாரமும் குறைந்துவிடும். முண்டு டயரை மண்ணுக்கு எடுத்து வையுங்கள். பின் டயர் ஒன்றைத்தான் மாற்ற முடிகிறது என்றாலும் வித்தியாசம் தெரியும்.

கரையில் சலித்துப் போய், தார்ச்சாலைக்கு வந்ததும் மூச்சு விட்டீர்கள் என்றால், கீழ்க்கியர் சரியாக உள்ள ஹைபிரிட், டிஸ்க் பிரேக்கோடு. சஸ்பென்ஷன் இல்லாததாகவே எடுங்கள். மீதமாகும் பணத்தில் ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, பூட்டு, மட்கார்டு. மட்கார்டை மறக்காதீர்கள். மழையில் பின்சக்கரம் முதுகில் போடும் சேற்றுக் கோட்டோடு ஆபீஸுக்குள் நுழைவது கஷ்டம். நிறம் உங்கள் இஷ்டம். கருநீலத்தில் ஹைபிரிட்டும் வருகிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு எண்கள் என் கண்ணை உறுத்துகின்றன. உயரம் 5 அடி 4 அங்குலம், சட்டம் 19 அங்குலம். தம்பி, 19 அங்குலம் பொதுவாக 5 அடி 9 அங்குலத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. உங்களுக்கு 15 அல்லது 16. தள்ளுபடி கிடைக்கிறது என்று பத்தாம் நம்பர் செருப்பு வாங்குவீர்களா? சீட்டை எவ்வளவு இறக்கினாலும் ஹேண்டில் பார் தூரத்திலேயே இருக்கும். எட்டிப் பிடித்து ஓட்டினால் ஒரே வாரத்தில் கழுத்தும் உள்ளங்கையும் வலிக்கும். மண்பாதையில் சட்டென்று கால் ஊன்ற வேண்டிவந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த வண்டியைக் கவைக்கு நடுவில் வைத்து, இரண்டு பாதமும் தரையில் அழுந்த நின்று பாருங்கள். மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். மூன்று வாரமாகப் போய்ப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறையாவது ஏறி நின்றீர்களா என்று எழுதவில்லை.