துரைக்குப் பிறந்த பிள்ளையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1934 மார்ச்சில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் ‘இல்லை’. அது துரைக்கு, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரனுக்கு, பிறந்த பிள்ளை என்று வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களாம். அப்பாயி இப்போது இல்லை. தங்கையின் அப்பா இருக்கிறார். ‘அந்தத் துரையின் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?’ என்று கேட்கிறார்.

தங்கை, தகப்பன் ஒரு துரைதானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. அதை முதலில் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில், நடந்த கல்யாணங்களில் பெரும்பாலானவை தோட்டத்துக் கோயிலிலோ வீட்டு வாசலிலோ தாலி கட்டி முடிந்தவை. பதிவாளரிடம் யாரும் போகவில்லை. பதிவு இல்லையென்றால் பத்திரத்தில் ‘விவாகமாகாதவர்’ என்றுதான் விழும். தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டாலன்றித் தகப்பன் பெயரை எழுதவும் முடியாது. ஊரறியத் தாலி கட்டிய தகப்பனும் இந்தக் கோட்டுக்குள் காணாமல் போயிருக்கிறான். ஆகவே அப்பாயிக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களின் பத்திரங்களையும் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுங்கள். எல்லாவற்றிலும் கோடு இருந்தால் அது பதிவின் குறை. அப்பாயிக்கு மட்டும் கோடு இருந்தால் விஷயம் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமை தோட்டத் துரையுடையது. துரையே தகப்பன் என்றால், அந்தக் கோட்டுக்குக் காரணமானவனே அந்தப் பிறப்பை அறிவித்தவனாகவும் இருக்கலாம்.

பூனைக்கண், சிவந்த நிறம் என்பதையெல்லாம் நான் சாட்சியாக எடுப்பதில்லை. நம்மவர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் உண்டு. இங்கே மரபணுச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். நீங்கள் செய்வதைவிட உங்கள் அப்பா செய்வது மேல். அப்பாயியின் தகப்பன் வெள்ளைக்காரன் என்றால் உங்கள் அப்பாவின் மரபணுவில் ஏறத்தாழ 25 விழுக்காடு ஐரோப்பிய வழி காட்ட வேண்டும். உங்களிடம் அது 12 அல்லது 13 ஆகக் குறைந்திருக்கும். கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் இல்லாமலே போகாது. உங்கள் அப்பாவின் முடிவு முழுக்கத் தெற்காசியா என்று வந்தால், துரைக் கதையை அன்றே மடித்து வைத்துவிடலாம். தகப்பன் வழி ஆண்களுக்கு மட்டும் இறங்கும் ஒய் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். இடையில் அப்பாயி என்ற பெண் இருப்பதால் அது உங்கள் அப்பாவின் தகப்பன் வழியைத்தான் காட்டும்.

ஐரோப்பிய வழி தெரிந்தால் வேலை சுலபம். அந்தத் துரைக்குச் சீமையில் பேரப்பிள்ளைகள் இருந்து, அவர்களில் ஒருவர் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தால், உங்கள் அப்பாவோடு சராசரியாக 450 சென்டிமோர்கன் (பொதுவான மரபணுவை அளக்கும் அலகு) அளவுக்கு ஒத்துப்போவார். தற்செயலாக வரும் அளவு அல்ல அது. அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் காகிதத்துக்கு வாருங்கள். ஃபெர்குசன் நிறுவனத்தின் இலங்கை டிரெக்டரி தோட்டம் தோட்டமாகத் துரைமாரின் பெயர்களைத் தருகிறது. அப்பாயி கருவில் தங்கியது 1933 ஜூன் வாக்கில். அந்த ஆண்டையொட்டிய பதிப்புகளில் உங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டங்களையும் பாருங்கள். தோட்டத்துக்குத் தலைவரான பெரியதுரையோடு நிறுத்தாமல், அவருக்கு உதவியாக இருந்த சின்னதுரைமாரையும் எழுதுங்கள். பல கம்பெனிகள் அவர்களை முதல் சில ஆண்டுகள் மணம் முடிக்க விட்டதில்லை.

பிறகு கழித்துக்கொண்டே வாருங்கள். துரைமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் சீமைக்கு லீவில் போவார்கள். 1960 வரையான கப்பல் பயணிகள் பட்டியல்கள் பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பெயர், வயது, தொழில், போகும் முகவரி எல்லாம் அதில் உண்டு. 1933 மே, ஜூனில் ஒருவர் லண்டனில் இருந்தார் என்று தெரிந்தால் அவர் பெயரை அடித்துவிடலாம். நான்கு பெயரில் மூன்று இப்படியே போய்விடும் நேரங்களும் உண்டு.

தாய் வழக்குப் போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பிள்ளையின் செலவுக்குத் தகப்பனிடம் பணம் கேட்க 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் இருந்தது. ஆனால் பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தாயின் சொல்லுக்கு வேறு சாட்சியமும் வேண்டும். பங்களாவில் வேலை செய்பவர்களைத் துரைக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்க ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணால் முடியுமா? இதைக் காதல் கதையாகச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வேலையும் லயத்துக் காம்பராவும் அரிசியும் எவன் கையில் இருந்தனவோ, அவனிடம் அவள் எப்படி ‘மாட்டேன்’ என்று சொல்லியிருப்பாள்?

சரி, ஐரோப்பிய வழி இல்லை என்று வருகிறது. பலர் இந்த இடத்தில் தேடலையே விட்டுவிடுகிறார்கள். சீமைத் தகப்பனைத் தேடி எனக்கு வாரம் தவறாமல் கடிதம் வருகிறது; ஆட்களை மேய்த்த கங்காணியையோ கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளையையோ தேடி எழுதியவர் யாரும் இல்லை. அந்தத் தகப்பனும் தகப்பன்தானே!

இங்கே மரபணு ஒத்துப்போகிறவர்களின் பட்டியல் அதிகம் கைகொடுக்காது. நம் ஆட்கள் அதில் குறைவு. தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டியதால், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலக் கணக்குக் காட்டும். அதைவிட நம்பகமான சாட்சி, யார் யாரைக் கட்டலாம் என்ற உறவுமுறைதான். முதியவர்களிடம் ‘அப்பாயிக்குத் தகப்பன் யார்?’ என்று நேராகக் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். ‘எந்த வீட்டில் நாம் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை?’ என்று கேளுங்கள். முறைப்படி மாமன் மச்சானாக வர வேண்டிய ஒரு குடும்பத்தைக் காரணம் சொல்லாமல் ‘அவர்கள் பங்காளி’ என்று ஒதுக்கியிருந்தால், அங்கேதான் தோண்ட வேண்டும். ஊருக்குத் தெரிந்த உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அண்ணன் தங்கை கல்யாணம் நடக்கவும் விட்டிருக்க மாட்டார்கள். அதேபோல, எந்த வீட்டுச் சாவுக்கு அப்பாயி தீட்டுக் காத்துத் தலை முழுகினார் என்றும் விசாரியுங்கள். சந்தேகப்படும் வீட்டில் ஒருவர் சம்மதித்தால், உங்கள் அப்பாவின் முடிவோடு அவருடையதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குடியுரிமைக் காகிதங்களில் தகப்பன் பெயர் இருக்கிறதே என்று சிலர் மகிழ்கிறார்கள். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பமானாலும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் எடுத்த இந்தியக் கடவுச்சீட்டானாலும், கட்டத்தைக் காலியாக விடப் பயந்து மாற்றாந்தகப்பன் பெயரையோ தாய்மாமன் பெயரையோ எழுதிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சீமையில் ஓர் உறவு கிடைத்தால், முதல் கடிதத்திலேயே ‘உங்கள் தாத்தா எங்கள் பாட்டிக்குத் தகப்பன்’ என்று எழுத வேண்டாம். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி, அவர்கள் வீட்டில் யாராவது இலங்கையில் தேயிலை வேலை பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் வர மாதங்கள் ஆனாலும் இரண்டாவது கடிதத்துக்கு அவசரப்படாதீர்கள்.