கடலே இல்லாத கோயம்புத்தூரில் ரோமாபுரிக் காசு எப்படி வந்தது? கொங்குப் பெருவழியின் கதை

(காட்சி: மேசைமேல் சுழலும் ஒரு வெள்ளிக் காசு)

1842. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூர். மண்ணுக்குள்ளிருந்து ஒரே இடத்தில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள். ஏசு பிறந்து வளர்ந்த காலத்தில் அச்சடித்தவை. இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவைக்காரர்களுக்குக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ரோமாபுரிப் பணம் புழங்கியிருக்கிறது!

எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் காசு எப்படி வந்தது? நடந்து வந்தது.

(வரைபடம்)

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். கிழக்கே காவிரி கடலில் கலக்கும் பூம்புகார். மேற்கே ரோமாபுரிக் கப்பல்கள் வந்துபோன சேரநாட்டுத் துறைமுகம் முசிறி. நடுவில் உறையூர், கரூர், கொடுமணல், சூலூர், வெள்ளலூர், பேரூர். இந்த ஊர்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் கொங்குப் பெருவழி. பாதித் தூரத்துக்குக் காவிரி துணை, மீதிக்கு நொய்யல் துணை. சரி, குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே? அதற்குத்தான் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே விலகி வழி விட்டிருக்கிறது. ஆடி மாதம் பல்லடம், உடுமலைப் பக்கம் ஆளைத் தள்ளுகிற காற்று வருகிறதே, அதுவும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறது. வணிகர்கள் போன வழியில் இப்போது காற்றாலை ஓடுகிறது. பின்னணி முடிந்தது.

(காட்சி: கொடுமணல், நொய்யல் கரை)

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள். கல்மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளியே வந்தன. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். அங்கே கிடைத்த மணிகளில் எனக்குப் பிடித்தவை அழகாக முடிந்தவை அல்ல. பாதி துளைபோட்டு விட்டவை, துளைக்கும்போது உடைந்தவை. பக்கத்துப் படியூரிலிருந்து பச்சைக்கல் வந்து, உருட்டித் தேய்த்து, கடைசி வேலையில் ‘டக்’கென்று இரண்டாகியிருக்கிறது. இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்தத் தொழிலாளியின் வயிற்றெரிச்சல் எனக்குக் கேட்கிறது.

(காட்சி: சுண்டக்காமுத்தூர்ப் பாறை)

அடுத்தது கோவைக்கு மேற்கே, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம். பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சோழன் ஆதித்தன் காலத்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. தமிழ் எழுத்தில் ஒரு பகுதி, அந்தக் காலத்தில் சேரநாட்டுப் பக்கம் புழங்கிய வட்டெழுத்தில் ஒரு பகுதி. வாளையாறு எல்லையில் தமிழும் மலையாளமும் சேர்ந்த பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள். அதற்குக் கொள்ளுத் தாத்தா இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த வீடியோவை நான் எடுக்கக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

(காட்சி: காதக்கல்லின் படம், மெதுவாக நெருங்குகிறது)

இது வேறொரு சாலை, தகடூர்ப் பக்கம், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கம் போன அதியமான் பெருவழி. பதின்மூன்றாம் நூற்றாண்டு. அந்தச் சாலையோரம் நட்ட கல்லில் ‘நாவற்றாவளத்துக்குக் காதம் 29’ என்று, அதாவது நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதத் தூரம் என்று, எண்ணைத் தமிழ் எண்ணிலேயே எழுதியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சாதாரண மைல்கல்தான். கொஞ்சம் கீழே பாருங்கள். பெரிய குழி இரண்டு. சின்னக் குழி ஒன்பது.

புரிந்ததா? பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சின்னக் குழி ஒன்றுக்கு ஒன்று. எழுத்தே தெரியாத மாட்டுக்காரரும் எண்ணிப் பார்த்து 29 என்று தெரிந்துகொள்ளலாம். இருட்டிப்போனாலும் விரலால் தடவியே தூரம் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் கற்பனை, கல்லில் எழுதியிருக்கவில்லை!

இதைப் பார்த்ததும் எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குக் கையெழுத்துப் போட வராது. பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் சுண்ணாம்புப் புள்ளியாக வைப்பார். பத்துப் படி சேர்ந்தால் ஒரு பெரிய பொட்டு. மாசக் கடைசியில் பால்காரர் நோட்டைப் பிரிப்பார், அம்மிச்சி சுவரைக் காட்டுவார். சுவர்தான் ஜெயிக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

அப்புறம் இந்தக் காதம். பழைய வாய்ப்பாட்டில் நாலு கூப்பிடு ஒரு காதம். கூப்பிடு என்றால் ஒருவர் கூப்பிட்டால் அடுத்தவருக்குக் கேட்கும் தூரம். ‘கூப்பிடு தூரத்தில்தான் வீடு’ என்று இன்றும் சொல்கிறோமே, அதுவேதான். அப்படியானால் 29 காதம் என்பது 116 கூப்பிடு. வரிசையாக 116 பேரை நிறுத்தி ஒருவர் மாற்றி ஒருவர் கத்தினால் செய்தி போய்விடும். நம் வீட்டு வைஃபையைவிட வேகமாகவே போகும்.

(காட்சி: சாலையோரம் நடந்துபோகும் காவடிக்காரர்கள்)

இவ்வளவும் இருந்தும் கரூரிலிருந்து கணவாய் வரைக்கும் நடந்துபோக ஒரு வழிக்குறி கிடையாது. நடக்க யார் வருவார்கள் என்று கேட்காதீர்கள். தைப்பூசத்துக்குக் கோவையிலிருந்து பழனிக்குச் செருப்பில்லாமல் நூறு கிலோமீட்டர் நடக்கிற ஊர் இது. நொய்யல் கரையில் நடப்பதற்கு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடங்கள் உண்டு என்பது உண்மை, சாயக்கழிவுக் கதைக்குத் தனி வீடியோ போடுகிறேன். ஆனாலும் ஊருக்கு ஒரு கல் நட்டு, எண்ணும் எழுதி, கீழே குழியும் போட்டால் போதும். கைப்பேசியில் ஸ்கேன் செய்கிற குறியீடெல்லாம் ஒட்ட வேண்டாம், அது இரண்டு மழைக்கு உரிந்துவிடும்.

எங்களால் முடிந்தது ஒரே ஒரு நாள் நடை. கொடுமணலில் மதியம் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு கிளம்பும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், சென்னிமலை எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“இதா சாமி, கூப்புடு தூரந்தானுங்.”

மலைமேல் கோவில் விளக்கு எரிகிற நேரத்துக்குத்தான் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். கேமராக்காரத் தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.