செக்கு தெரியும், சேலம் தெரியுமா?

(ஈரோட்டில் வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத்தினரும் கூடிய கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

கோவை ஜெயில் என்றால் நமக்கு வ.உ.சி. இழுத்த செக்குதான் நினைவுக்கு வரும். 1908இல் ராஜத்துரோகம் என்று தண்டித்து, மாடு செய்கிற வேலையைச் செய்யவைத்தார்கள். அது வெள்ளைக்காரன் ஆட்சி. சரி, சேலம்?

1950 பிப்ரவரி 11. இந்தியா குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. சேலம் மத்திய சிறையில் இருந்த கம்யூனிஸ்டுகள், தங்களை அரசியல் கைதிகளாக நடத்தச் சொல்லிக் கேட்டவர்கள். அன்றைக்கு மதிலுக்குள்ளேயே துப்பாக்கிச்சூடு. 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் மலபார்க்காரர்கள். நம் ஊரில் நடந்தது, நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. கேரளத்தில் இன்றும் நினைவுநாள் நடத்துகிறார்கள்.

அதே மாதம் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. அப்புறம் மிசா. இப்போது 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம், அதாவது என்.எஸ்.ஏ.: விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

“குண்டு வைத்தவனுக்கு என்னங்க உரிமை?” என்று கோவையில் கேட்பார்கள். 1998இல் 58 பேரைப் பறிகொடுத்த ஊர், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு காலை இழந்த கேரள அரசியல்வாதி மதனி, அதே வழக்கில் ஒன்பது வருடத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகக் கிடந்து, 2007இல் விடுதலையானார். யார் குற்றவாளி என்று தெரிவதற்கு முன்பே அனுபவிக்கிற சிறை இது. மருந்தும், குடும்பத்தார் வந்து மனுப் பார்ப்பதும் ஜெயிலர் போடுகிற பிச்சையாகிவிடக் கூடாது. கைதியானாலும் அடிப்படை உரிமைகள் மொத்தமாகப் போய்விடாது என்று 1978இலேயே சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி நம் வேலைக்கு வருவோம். ஒருவரை என்.எஸ்.ஏ.வில் பிடித்தால், காரணத்தை வழக்கமாக 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். தமிழ் மட்டும் தெரிந்தவர் கையில் ஆங்கிலக் கட்டைக் கொடுத்தால் விடாதீர்கள். மொழிபெயர்ப்புத் தராததாலேயே ரத்தான உத்தரவுகள் நிறைய. எதிர்ப்பு மனுவை உடனே அனுப்பி, அனுப்பிய தேதிக்குச் சான்று வைத்திருங்கள். மனுவைக் கவனிக்காமல் அரசு இழுத்தடித்தாலும் காவல் உத்தரவு கோர்ட்டில் நிற்காது.

காவல் உத்தரவு சரியா என்று பார்க்கிற அறிவுரைக் குழுமத்தின் முன்னால் வக்கீல் வைக்கக் கைதிக்கு உரிமை கிடையாது. ஆனால் வக்கீல் அல்லாத ஒரு நண்பரை அழைத்துப் போகலாம் என்று 1981இல் ஏ.கே.ராய் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. வாத்தியாரோ சங்கத்துக்காரரோ, காகிதம் படிக்கத் தெரிந்த யாரும் போகலாமுங்க. கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.