மோர்கன்டன் வக்கீல்

நேயர்களுக்கு வணக்கம். வக்கீல்கள் அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதல்ல. இன்று நான் பேசப்போகிறவர் ஓர் அமெரிக்க வக்கீல், சாம் எர்வின். வட கரோலினா மாநிலத்தின் மலையடிவாரச் சிற்றூரான மோர்கன்டனில் 1896இல் பிறந்தவர்.

முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர், ஹார்வர்டில் சட்டம் படித்த விதமே வேடிக்கை. மூன்றாம் ஆண்டுப் பாடத்தை முதலில் முடித்தார். அப்புறம் இரண்டாம் ஆண்டு. கடைசியில்தான் முதலாம் ஆண்டு. மூன்று வருடம் சேர்ந்தாற்போல் போய்விட்டால் ஊரில் இருக்கும் காதலி மனம் மாறிவிடுவாரோ என்ற பயம்! அந்தப் பெண்ணையே கைப்பிடித்தார்.

அப்பாவோடு வக்கீல் தொழில், பிறகு நீதிபதி பதவி. 1954இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர் ஒருவர் இறந்துபோக, அந்த இடத்துக்கு ஆளுநர் இவரை நியமித்தார். செனட்டுக்குள் நுழைந்த அந்த வருடமே, ஊரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று மிரட்டிக்கொண்டிருந்த செனட்டர் மெக்கார்த்தியை விசாரித்த குழுவில் இடம். யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயர் வாங்கினார்.

ஆனால் இங்கேதான் எனக்கு இடிக்கிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து, தெற்கு மாநிலங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1956இல் வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்களில் இவரும் ஒருவர். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964இன் குடிமை உரிமைச் சட்டம், 1965இன் வாக்குரிமைச் சட்டம் இரண்டையும் எதிர்த்தார். வசைபாடவில்லை, அரசமைப்புச் சட்டத்தைக் காட்டித்தான் வாதாடினார். அரசு தனிமனிதர் விவகாரத்தில் தலையிடலாகாது என்றார். கறுப்பினக் குழந்தைக்குத் தனிப் பள்ளி என்று ஒதுக்கியதும் மாநில அரசின் சட்டம்தானே? அந்தத் தலையீடு மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

அதே அரசமைப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1973இல் செனட்டின் வாட்டர்கேட் விசாரணைக் குழுவுக்குத் தலைவரானார். வாட்டர்கேட் என்பது, எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததையும் அதை மூடிமறைக்க அதிபர் நிக்சன் தரப்பு முயன்றதையும் பற்றிய ஊழல் விவகாரம். குழு அமைக்கும் தீர்மானம் 77 வாக்குகளுடன், எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியிருந்தது. அப்போது அவருக்கு 76 வயது. "நான் சாதாரண நாட்டுப்புற வக்கீல்" என்பார். ஹார்வர்டில் படித்தவர் என்பதை எதிரே உட்கார்ந்தவர்கள் மறந்தால் அவர்கள் பாடு. ஒரு சட்டப் பிரிவுக்கு அவர் பொருள் சொன்னபோது, சாட்சி தரப்பிலிருந்து "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேள்வி வந்தது. "எனக்கு ஆங்கிலம் புரியும், அது என் தாய்மொழி" என்றார். தொலைக்காட்சி பார்த்த நாடே சிரித்தது.

ஜூலை 16ஆம் தேதி, வெள்ளை மாளிகை உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவாகின்றன என்ற உண்மை அந்தக் குழுவின் முன்தான் வெளிவந்தது. நாடாக்களைக் கேட்டு வழக்குப் போட்ட எர்வின் குழு தோற்றுப்போனது என்பது பலருக்கு நினைவில்லை. இந்த விவகாரத்துக்கென்றே நியமிக்கப்பட்ட சிறப்பு அரசு வழக்கறிஞர் நாடாக்களைக் கேட்டு நடத்திய வழக்கில்தான், 1974 ஜூலையில், உச்ச நீதிமன்றம் நிக்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

வாட்டர்கேட்டுக்கு முன்பே, 1971இல், ராணுவம் சொந்த நாட்டு மக்களை வேவு பார்த்ததை எர்வின் விசாரித்திருந்தார். அரசு தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவைக் குடிமகன் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் வழிசெய்யும் சட்டம் அவர் முயற்சியால் வந்தது. 1974ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அன்றுதான் அவரும் செனட்டை விட்டு விலகினார். ராணுவம் வேவு பார்த்தவர்களில், அவர் எதிர்த்த அந்தக் குடிமை உரிமைச் சட்டங்களுக்காகத் தெருவில் இறங்கியவர்களும் இருந்தார்கள். நன்றி, வணக்கம்.